எண்ணாமல் விட்ட கை

2007 மே முதல் தேதி காலை பதினொன்றேகால் மணிக்கு, செவல்மேட்டுக் கிராமசபையில் மூக்கம்மாள் தூக்கிய வலது கை பிறகு இறங்கவே இல்லை. பட்டாசுக் கம்பெனி ஷெட்டுகளுக்குத் தெற்கே கிடந்த பொட்டலில் முந்நூற்று நாற்பது வீடுகளும், அவற்றைச் சுற்றி ஆளுயர மதிலும் கட்ட அன்று ஒப்புதல் கேட்டிருந்தார்கள். அது சும்மா கிடக்கிற இடம் என்றார் தரகர் வெள்ளைத்துரை. அங்கே புல்கூட முளைக்காது என்பது உண்மைதான். ஆனால் ஷெட்டில் தீப்பிடிக்கும்போதெல்லாம் ஜனங்கள் ஓடுவது அந்தப் பொட்டலுக்குத்தான். 2003இல் மூக்கம்மாளும் அவள் மகளும் அங்கே ஓடிப் பிழைத்தார்கள். வடக்கே ஓடிய நான்கு பேர் கம்பிவேலியில் மாட்டிக்கொண்டார்கள். கூட்டங்களில் வாயே திறக்காத மூக்கம்மாள் அதனால்தான் கையைத் தூக்கினாள். ஊராட்சி எழுத்தர் சோலைச்சாமியோ, காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே, தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாக வீட்டிலேயே எழுதி முடித்திருந்தார்.

"எழுதியாச்சுக்கா. கைய எறக்குங்க."

"எண்ணிட்டு எழுதுங்க. தன்னால எறங்கும்."

அவர் எண்ணவில்லை, கையும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நல்ல கை என்று சொல்லி அனுப்பினார்கள். தையல்காரர் ரவிக்கையின் வலது கையை மேல்நோக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தார். அவள் ரோட்டோரம் நடந்தால் சிவகாசி பஸ்கள் எல்லாம் நின்றன. நிற்கக் கூடாத எக்ஸ்பிரஸும் நின்றது. ஏறாதவள் எதற்கு நிறுத்துகிறாள் என்று நடத்துநர்கள் திட்டினார்கள். கம்பெனியில் அவளுக்குச் சரவெடி பின்னுகிற வேலை. அதற்கு இரண்டு கை வேண்டும் என்பதால் பக்கத்தில் உட்காரும் சின்னத்தாய் ஒரு கை கொடுத்தாள்; இருவரும் சேர்ந்து ஒரே சரத்தைப் பின்னினார்கள். வெள்ளைத்துரை வீட்டுக்கொரு எவர்சில்வர் குடம் கொண்டுவந்தார். மூக்கம்மாளின் வீட்டு வாசலில் நின்று, "ரெண்டு கையாலயும் வாங்கணுமே தாயி, கொஞ்சம் எறக்கேன்" என்று சிரித்தார். சின்னத்தாய் குறுக்கே வந்தாள்.

"ஏன்யா, தீப்பிடிச்சா இந்தக் கொடத்துக்குள்ளயா ஓடி ஒளியச் சொல்றீக?"

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதிக் கூட்டத்தில் இன்னும் நூற்று அறுபத்து மூன்று கைகள் எழுந்தன. முடிந்தது முடிந்ததுதான் என்று சோலைச்சாமி நோட்டை மூடினார். அந்தக் கைகளும் அப்படியே நின்றுவிட்டன. மறுநாள் கம்பெனி வேன் எல்லா ஜன்னலிலும் கைகளை நீட்டிக்கொண்டு போயிற்று. கல்யாணப் பந்தியில் இடது கையால் சாப்பிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. தீபாவளி சீசனில் லாரிகள் லோடு இல்லாமல் நின்றன. பதிமூன்றாம் நாள் போர்மேன் ராஜசிங் சோலைச்சாமியை மொபெட்டின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். "எண்ணித் தொலையுமய்யா, ஆர்டர் பூரா போச்சு" என்றார். சோலைச்சாமி ஒவ்வொரு கையாகத் தொட்டு எண்ணி, எதிர்ப்பு என்று எழுதினார். எழுத எழுதக் கைகள் இறங்கின. மூக்கம்மாளின் கை மட்டும் நின்றது.

"அதான் எழுதிட்டேனேக்கா!"

"நோட்டுல எழுதிட்டீக. கல்லு இன்னும் அங்கனதான நிக்கி?"

இறங்கிய கைகள் பொட்டலுக்குப் போய், ஊன்றியிருந்த மனைக்கற்களைப் பொழுது சாய்வதற்குள் பிடுங்கி ஊராட்சி அலுவலக வாசலில் அடுக்கின. வெள்ளைத்துரை போலீசைக் கூட்டிவந்தார். யார் பிடுங்கியது என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும் அத்தனை கைகளும் மறுபடி எழுந்தன. எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்று அவரும் கேள்விப்பட்டிருந்தார். நூற்று அறுபத்து நான்கையும் எண்ணிவிட்டே ஜீப்பில் ஏறினார். மூக்கம்மாளின் கை மட்டும் அதன் பிறகும் இறங்கவில்லை.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு ஆறாம் நம்பர் ஷெட் வெடித்தது. புகையில் திசை தெரியவில்லை. முதலில் ஓடிப் பொட்டலின் நடுவில் நின்ற மூக்கம்மாளின் கை மட்டும் புகைக்கு மேலே, பனை உயரத்தில் தெரிந்தது. அதைப் பார்த்து ஓடிய நாற்பத்தேழு பேரும் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அதன்பின் வீடு கட்டும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எக்ஸ்பிரஸ் இப்போது செவல்மேட்டில் முறைப்படியே நிற்கிறது. கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே தண்ணீர்த் தொட்டி, மணல் வாளி, மூக்கம்மாளின் கை மூன்றையும் காட்டிவிட்டுத்தான் வேலையில் உட்கார வைக்கிறார்கள்.