பரீட்சைச் சட்டை

“சார்ஜர கழட்டாத பெரிப்பா, ரெண்டு பர்சென்ட்டுதான்—”

“கழட்டாத எப்பிடி? ஐஸ் பெட்டிக்கு வேற ப்ளக்கு எங்க இருக்குது—”

“அந்தச் செவுத்துல ஒண்ணு இருக்குது பாரேன். ரெண்டு மணிக்கு ரிசல்ட்டு—”

“பொணத்த வெச்சிக்கினு ரிசல்ட்டு பாக்கற வூட்ட இன்னிக்கித்தான் பாக்கறேன்.”

துரைக்கண்ணுவின் கையில் சார்ஜர் ஒயர் தொங்கியது. எதிரில் தம்பி மகள் பூங்குழலி, அழுது வீங்கிய முகத்தோடு போனை நெஞ்சில் அணைத்துக்கொண்டு நின்றாள். இருவருக்கும் நடுவே, கண்ணாடி மூடிக்குள், ஆனந்தராஜ் படுத்திருந்தார். திண்டிவனம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். நேற்று சாயந்திரம் பாதி சுற்றிய காயிலின் மேலேயே சாய்ந்துவிட்டார்.

கலைவாணி கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்து இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தடுக்கத் தோன்றவில்லை.

“பாஸாயிருந்தா இன்னா, எழுந்து வந்து சாக்லேட்டு குடுக்கப் போறானா?” துரைக்கண்ணு குரலைத் தணித்தார். “பெயிலாயிருந்தா, பந்தல்ல ஒக்காந்துகினு இருக்கறவன் இன்னா பேசுவான்? செத்த அன்னிக்கியும் எந்தம்பிய நாலு பேரு சிரிக்கணுமா?”

“வேற யாரு சிரிச்சாங்க? நீதான் சிரிச்ச. ‘இன்னாடா, யூனிபாரம் தெச்சிட்டியா’ன்னு கேட்டது யாரு?”

துரைக்கண்ணு ஒயரை விரலில் சுற்றினார், பிரித்தார். பிறகு அந்தச் சுவரில் இருந்த ப்ளக்கைத் தேடிப் போனார்.

சிரித்தவர்களில் தானும் உண்டு என்று கலைவாணிக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ப்ளஸ் டூவில் இயற்பியலிலும் கணக்கிலும் தவறிய மனிதர் ஆனந்தராஜ். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது, படிவத்தில் ‘தந்தையின் கல்வித்தகுதி’ என்ற இடத்தை நிரப்பாமலே கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மகளுடைய பழைய புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினார். டுடோரியல் கிடையாது, வாத்தியார் கிடையாது. கட்டிய காயிலில் வார்னிஷ் காய்கிற நேரமெல்லாம் படிப்பு. மின்காந்தத் தூண்டல் பாடம் புரிந்த அன்று எச்சில் கையோடு அடுப்படிக்கே வந்துவிட்டார்.

“ஏ கலா, இத்தினி வருஷமா எத்தினி சுத்துன்னு எண்ணி எண்ணிச் சுத்தறேன். ஏன் சுத்தறேன்னு இப்பதான் தெரியுது.”

கணக்கு அப்படி வசப்படவில்லை. மைனஸ் ஒன்றுக்கு வர்க்கமூலம் என்று ஒரு வாரம் தலையைச் சொறிந்தார். “இல்லாத நம்பராம். ஆனா கரண்டுல இருக்குதாம். இன்னா கூத்து பாரு.”

இரண்டு தடவை இரண்டிலும் போயிற்று. மூன்றாவது தடவை விண்ணப்பம் போட்டுவிட்டு வந்த அன்று அவள்தான் சொன்னாள். “இந்த தபாவும் போச்சுன்னா அத்தினி பொஸ்தகத்தயும் எடைக்குப் போட்டுடுவேன். ஊரு மோட்டாரெல்லாம் கடையில கெடக்குது, உங்களுக்குப் படிப்பு கேக்குதா?”

“சரி. போட்டுடு,” என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அந்தச் ‘சரி’தான் காலையிலிருந்து அவளைக் குடைந்துகொண்டிருந்தது. பாஸ் என்று வந்துவிட்டால், அந்தப் பேச்சை அவர் மனதில் வைத்துக்கொண்டு போகவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது அவருக்குப் போட்டிருக்கும் சட்டையை அவள்தான் எடுத்துக் கொடுத்திருந்தாள். பரீட்சைக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டை. கைப்பட்டியில் மட்டும் ஒரு கறை. கணக்குப் பரீட்சை ஹாலில் பெஞ்சில் இருந்த கிரீஸ் என்று சொன்னார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

தொண்டூர் முருகையன் மாலையோடு உள்ளே வந்தார். நாலு வருஷமாக ஆனந்தராஜிடம் ரிப்பேருக்கு மோட்டார் கொடுக்கிற விவசாயி. ஐஸ் பெட்டி உறுமி, நின்று, மறுபடி உறுமியது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

“கண்டென்சர் வீக்கு. ஆனந்து கையில குடுத்தா ரெண்டு நிமிசத்துல…” என்று ஆரம்பித்து, உள்ளே படுத்திருப்பவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாலையை வைத்தார்.

“இதே சட்டையோடதாம்மா எங்கெணத்துல எறங்குனாரு. மழையே இல்லாம மலக்கோட்ட மேல எடி உழுந்துதே, அதுக்கு மறுநாளு. மோட்டாரு நின்னுபோச்சு. கதுரு பால் புடிக்கற நேரம். பஸ் ஸ்டாண்டுல காலையில பாத்து கையப் புடிச்சிக்கினேன். வாட்ச்ச பாத்தாரு, எங்கியோ போறவரு மாதிரி. அப்புறம் ஒண்ணும் சொல்லல, வண்டியில ஏறிக்கினாரு. சட்டைய கழட்டுங்கன்னாலும் கேக்கல. பொழுது சாயத்தான் தண்ணி வந்துது. நேத்து அறுத்து மூட்ட கட்டிட்டேம்மா. வந்து சொல்லலாம்னு இருந்தேன்.”

“சரிங்கண்ணா. ஒக்காருங்க,” என்றாள் கலைவாணி. யார் யாரோ வந்து எதையெதையோ சொல்லி அழுகிற நாள். சொற்கள் காதோடு நின்றன.

இரண்டு மணி ஆயிற்று. பூங்குழலி அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். பதிவு எண்ணைக் காலண்டரில் அவரே எழுதி வைத்திருந்தார். பிறந்த தேதிதான் தகராறு செய்தது.

“வெளிய பேனர்ல ‘தோற்றம்’னு பெரிப்பா போட்டிருக்கற தேதிய அடிச்சேன். தப்புன்னு வருது. ஆதார்ல இருக்கறதும் தப்பாம். ஹால் டிக்கெட்டு கடையில இருக்குது. சாவிய குடு பெரிப்பா.”

“எடுக்காத முன்ன கடையத் தொறக்கறதா? நல்லா இருக்குது.” வாசலிலிருந்தே துரைக்கண்ணு சொன்னார். “அந்தத் தேதி சரியான தேதிதாம்மா. கார்த்திக தீபம் கழிச்சுப் பொறந்தான். எங்கம்மா சொல்லுவாங்க.”

கலைவாணிக்குத் தெரியும். எனக்கு மூணு பொறந்த நாளு, ஒண்ணுக்கும் கேக் வெட்டல என்பார். ஒன்று அம்மா பெற்றது, ஒன்று ஆதார் கேம்ப்பில் வாய்க்கு வந்தது. இன்னொன்று, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய்க் காதைத் தொடச் சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டது. மூன்றாவதைச் சொல்லாமலே இருந்துவிடலாம். பதினாறாம் நாள் கழிந்து பார்க்கலாம். ஐஸ் பெட்டி நாலு தடவை உறுமி நின்றது.

“ஜூன் மூணு போடு,” என்றாள். “வருஷம் எழுவத்தொம்போதுதான்.”

பூங்குழலி அடித்தாள். போனின் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“பிசிக்ஸ் அறுவத்தொண்ணும்மா. நைனா பாஸும்மா.”

“கணக்கு?”

மகள் போனை நெருங்கிப் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள்.

“எழுதவே இல்லன்னு வருதும்மா. ஆப்சென்ட்டு.”

“தப்பா போட்டிருப்பாங்க. நான்தான டிபன் கட்டிக் குடுத்தேன். எடி உழுந்த மறுநாளு, காலையில எட்டு மணிக்கெல்லாம்…”

தலையைத் திருப்பிப் பார்த்தாள். பந்தலில் முருகையன் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

துரைக்கண்ணு நிலைப்படிக்கு வந்தார். முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு கேட்டார். “இன்னாமா சொல்லுது அது?”

“பிசிக்ஸ்ல பாஸு மாமா. அறுவத்தொண்ணு.”

“அறுவத்தொண்ணா.” துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். டீ டம்ளரோடு முருகையனும் திரும்பிப் பார்த்தார். “கணக்கு?” என்றார் துரைக்கண்ணு.

பூங்குழலி வாயைத் திறந்தாள். கலைவாணி அவள் கையிலிருந்த போனை வாங்கி, தரையில் கவிழ்த்து வைத்தாள்.

“அத அப்புறம் பாத்துக்கலாம் மாமா. மேளக்காரங்க வந்துட்டாங்களான்னு பாருங்க.”

அவர் வெளியே போனார். மேளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “அறுவத்தொண்ணாம்ப்பா. தானாப் படிச்சி,” என்று பந்தலில் ஒவ்வொருவரிடமும் சொல்வது உள்ளே கேட்டது. முருகையன் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐஸ் பெட்டி நின்றது. கண்ணாடியில் படிந்திருந்த பனியைக் கலைவாணி முந்தானையால் துடைத்தாள். மாலைக்குக் கீழே வெள்ளைச் சட்டையின் கைப்பட்டி தெரிந்தது. அதில் புளியங்கொட்டை அளவுக்கு அந்தக் கறை. அவள் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்.

“பெஞ்சில ஒட்டிக்கிச்சுன்னு சொன்னீங்களே?”