வரிசையை மாத்திக்கிடலாம்

"ஒடுங்கி வாங்கலே, துணி கிழிஞ்சிரும்," என்றார் பிச்சையா.

நீர்மாலை எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் வாழைக்குள் மாட்டிக்கொண்டார்கள். செத்துப்போன அப்பாவைக் குளிப்பாட்ட, செந்தூர்வேலின் தலையில் தண்ணீர்க் குடம். ஈர வேட்டி காலைப் பின்னியது. அவன் தலைக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்து நான்கு முனைகளையும் நான்கு பங்காளிகள் பிடித்து வர வேண்டும். முன்னால் சங்கும் கொட்டும் போக வேண்டும். ஊரில் எல்லாரும் நீர்மாலைக்கு ஆற்றுக்குத்தான் போவார்கள். சித்தப்பா பிச்சையாதான், "எங்கண்ணன் ஆயுசுக்கும் தண்ணி பாய்ச்சுன கிணறு இருக்கையில ஆத்துக்கு என்னத்துக்குப் போவணும்" என்று எல்லாரையும் தோட்டத்து பம்புசெட்டுக்குக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். வரும்போது வரப்பில் ஒருவர் பின் ஒருவராக வந்தாயிற்று. துணியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் திரும்பிப் போக முடியுமா? வரிசைக்குள் இறங்கினார்கள். இலைகள் முகத்தில் அடித்தன. குலைக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பு ஒன்று சரிந்தது. விரிய வேண்டிய துணி கயிறாகச் சுருண்டு அவன் தலைக்கு மேல் தொங்கியது. முன்னால் போன கொட்டுக்காரர் அடியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கிழக்க திரும்புங்க. அங்கன இடம் கெடக்கு."

திரும்பியதும் வாழை சட்டென்று முடிந்தது. பழைய வாழையைக் கிழங்கோடு எடுத்துவிட்டுப் புதிதாகக் குழி தோண்டிய நிலம். பாதிக் குழிகளில் கன்று நட்டு மண் அணைத்திருந்தது. வரிசைக்கும் வரிசைக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தது. பங்காளிகள் விலகி நடந்தார்கள். துணி முழுதாக விரிந்தது. கொட்டு மறுபடி எழும்பியது. கோடியில் ஒரு குழி பாதியில் நின்றது. அதன் பக்கத்தில் மண்வெட்டி கிடந்தது. நேற்று மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த அம்மா பேச்சி, அப்பா அங்கேதான் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். அசந்து தூங்குகிறார் என்றே முதலில் நினைத்தாளாம்.

செந்தூர்வேலின் கால் தானாக நின்றது.

"சித்தப்பா, இங்கன மட்டும் எதுக்கு இவ்வளவு எட்டி நட்டிருக்காவ?"

"நீர்மாலையோட நிக்கக் கூடாது. நட."

நடந்தான். வீடு வந்து, அந்தத் தண்ணீரை அப்பாவின் தலையில் ஊற்றினான். வாய்க்கரிசி போட்டான். ஆற்றங்கரையில் சித்தப்பா சொன்னபடியெல்லாம் செய்தான். கேட்ட கேள்விக்குப் பதில் அவனுக்கே தெரியும். தெரிந்ததை யாராவது ஒருவர் இல்லை என்று சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் கேட்டான்.

*

அப்பா வெள்ளத்துரைக்கு எதுவும் சின்னதாகத்தான் வேண்டும். ஓட்டலில் உட்கார்ந்தால் "சின்னதா ஒரு தோசை" என்பார். கடைக்காரர் எல்லாருக்கும் ஒரே அளவுதான் ஊற்றுவார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மகன் செல்போன் வாங்கித் தந்தபோது "சின்னது போதும்லே" என்றார். மகள் சந்தனச்செல்வி கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனபோதும் அதையே சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதனால் தூத்துக்குடியில் டிராக்டர் பார்க்கப் போன அன்று அவர் இரண்டு மினி டிராக்டர்களையும் சுற்றி வந்து, ஒடுக்கமான வண்டியின் மட்கார்டைத் தட்டி, "இது போதும்லே" என்றபோது செந்தூர்வேல் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

விற்பனைக்கு நின்ற பையன் விவரமானவன். "ரெண்டுமே வாழைத் தோட்டத்துக்கு ஓடும் அண்ணாச்சி. இது குதிரைத்திறன் கம்மி, ஆனா ஒடுக்கம். அது பெருசு, ரெண்டு சாண் அகலம் கூட. உங்க வரிசை எத்தனை அடி?" என்று பெரியவரைப் பார்த்துத்தான் கேட்டான்.

வெள்ளத்துரை வாயைத் திறந்தார். அதற்குள் செந்தூர்வேல் முந்திக்கொண்டான்.

"வரிசையெல்லாம் மாத்திக்கிடலாம். பெருசையே போடுங்க."

மாத்திக்கிடலாம். நாற்காலியை நகர்த்திப் போடுகிற மாதிரி சொன்னான். துறைமுக யார்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடம் பார்த்து நிறுத்துவது அவன் வேலை. எந்த வண்டி எந்தச் சந்தில் நுழையும், எது இடிக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவான். அப்பேர்ப்பட்டவன் சொந்தத் தகப்பனின் தோட்டத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்கவில்லை. அப்பாவுக்குப் பெரிதாக ஒன்று வாங்கித் தர வேண்டும், ஊர் அதைப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது. அது பாசம்தான்; பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வண்டி ஊருக்குள் வந்த அன்று அப்பா மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, டீக்கடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். "மவன் வாங்குனது. பெருசு," என்றாராம். அதற்குப் பிறகு போனில் எப்போது கேட்டாலும், "நல்லா ஓடுதுலே" என்பார்.

ஒரே ஒரு தடவை மட்டும் வேறொன்று கேட்டார். போன ஆவணியில் என்று ஞாபகம். யார்டில் நல்ல வெயில், பின்னால் லாரி ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏலே, நம்ம வண்டி, பின்னால கலப்பையோட சேத்து, எத்தனை அடி அகலம் வரும்?"

"எதுக்குப்பா?"

"சும்மாத்தான்."

"ஞாயித்துக்கெழமை வாரேன். வந்து அளந்து சொல்லுதேன்."

போகவில்லை. அந்த ஞாயிறு ஏதோ ஒரு வேலை. அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையூரணியில் ஒரு காதுகுத்து. அப்பாவும் மறுபடி கேட்கவில்லை. பஸ் ஏறினால் சொந்த ஊர் ஏரல் எவ்வளவு தூரம்? ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய், "இவ்வளவுப்பா" என்று சொல்லிவிட்டு, சோறு தின்றுவிட்டுத் திரும்பியிருக்கலாம். போயிருந்தால் குழிகளைப் பார்த்திருப்பான். பார்த்திருந்தால் மண்வெட்டியைப் பிடுங்கிப் போட்டிருப்பான்.

*

மறுநாள் காலையில் சுடுகாட்டில் காடாத்து முடிந்து, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்தபோது, அம்மா கொல்லையில் டிராக்டர் கொட்டகை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வண்டியின் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயை அவளே இழுத்துப் போட்டிருந்தாள். சீட்டின் பாலிதீன் உறை அப்படியே இருந்தது. இத்தனை நாளாகியும் அப்பா அதைக் கிழிக்கவில்லை.

"வண்டி ஓடவே இல்லையாம்மா?" என்றான்.

"நெல்லு வயலுக்கு ரெண்டு தடவ ஓட்டுனாவ. வாழைக்குள்ள ஒரே தடவதான் கொண்டு போனாவ. போன வேகத்துல குலை தள்ளுன வாழை ரெண்டு சாஞ்சிட்டு. கொண்டாந்து நிறுத்திட்டு, 'பிள்ளைகிட்ட சொல்லிராத, மனசு சங்கடப்படுவான்'னாவ."

"கொடுத்துட்டு சின்னதை வாங்கியிருக்கலாம்லா. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே மாத்திக் கொடுத்திருப்பேன்."

"நானும் அதைத்தான் சொன்னேன். மவன் ஆசையா வாங்குனதைத் திருப்பிக் கொடுக்கவான்னு சத்தம் போட்டாவ. ஆளு வச்சாவது குழி தோண்டுங்கன்னேன். 'என் மவன் வண்டிக்கு நான் வழி பண்ணுதேன், உனக்கென்ன'ன்னாவ."

பேச்சி டயரில் படிந்திருந்த தூசியைக் கையால் துடைத்தாள். பிறகு, குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதை உள்ளபடி சொல்கிற குரலில் சொன்னாள்:

"நீதானய்யா வரிசையை மாத்திக்கிடலாம்னு சொன்ன."

செந்தூர்வேலுக்கு நேற்று முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா அவனைத் தேற்றவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தவள், முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து நீட்டினாள்.

"உள்ள போவுதான்னு பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. ஓட்டு."

உள்ளேயிருந்து சந்தனச்செல்வி ஓடிவந்தாள். "எம்மா, பதினாறு கழியாம நீ எங்க கெளம்புத? ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்," என்றாள் பேச்சி.

செந்தூர்வேல் ஏறி உட்கார்ந்தான். பாலிதீன் உறை அவனுக்கடியில் சரசரத்தது. அம்மா வரப்பில் முன்னால் நடந்தாள். அவன் வண்டிப்பாதையில் சுற்றிப் போய், கிழக்குப் பக்கமாகத் தோட்டத்துக்குள் இறக்கினான். யார்டில் பென்னம்பெரிய லாரிகளைச் சந்தில் திருப்பிவிடுகிறவனுக்கு இந்தச் சின்ன வண்டி பயம் காட்டியது. முன் சக்கரம் முதல் குழியைத் தாண்டியது. அடுத்தது. அதற்கடுத்தது. குனிந்து ஒரு பக்கம் பார்த்தான். கன்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண். மறுபக்கம் பார்த்தான், அங்கேயும் அதே ஒரு சாண். அளந்து சொல்ல ஆளில்லாமலே மனிதர் அளந்திருக்கிறார்.

வரிசையின் கோடியில் மண்வெட்டி கிடந்தது. அந்தப் பாதிக் குழிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். அதற்கப்பால் பழைய வாழை, நேற்று துணி சுருண்ட அந்த ஒடுக்கம். திருப்ப இடமில்லை. வந்த வழியே பின்னால்தான் எடுக்க வேண்டும். கண்ணில் நீர் முட்டியதால் பின்னால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

"ஏலே," என்று குரல் கேட்டது.

பேச்சி வரப்பிலிருந்து இறங்கி, வரிசைக்கு நடுவே அவனுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். வலது கையைத் தூக்கி, உள்ளங்கையைத் தன் பக்கமாக அசைத்தாள்.

"இடிக்கல. நேரா வா. வா… வா…"

அவன் ரிவர்ஸ் போட்டான். அவள் ஒவ்வொரு எட்டாகப் பின்னால் நகர்ந்து, கையை அசைத்துக்கொண்டே இருந்தாள்.