ராமாமணி வீட்டு இலை

1.

இந்தக் கதை ஒரு தப்பான பாராட்டில் பிறந்தது. அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். போன வருஷம், 1996இல், பீளமேட்டில் என்னோடு மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்த பாலகோபால் சாப்பிடக் கூப்பிட்டார். பண்டிகையில்லை, விசேஷமில்லை, வெறும் செவ்வாய்க்கிழமை. அவர் மனைவி ராமாமணி எல்லோருக்கும் தலைவாழை இலை போட்டுப் பரிமாறினார். வீடு திரும்பியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்:

‘கொங்கு நாட்டில் விருந்தோம்பல் இன்னும் சாகவில்லை என்பதற்கு அந்தப் பச்சை இலையே...’

(அடித்துவிட்டேன். என் அசட்டுத்தனத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று இங்கே விட்டுவைக்கிறேன்.)

அன்றைக்கு எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அவர்களுடைய ஏழு வயது மகள் ஹாரிகாவின் கை தவறி டிபன் டப்பா மூடி தரையில் விழுந்தது. அடுத்த நொடி, ரசக் கரண்டியோடு ராமாமணி குழந்தைக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

2.

பாலகோபாலின் தம்பி கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் ராமாமணியின் அப்பா நரசிம்மலு. மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்று, அன்னூரில் இருக்கிறார். பெருங்குடிகாரராக இருந்து, விட்டு ஏழு வருஷமாகிறது. அதை அவரே சொன்னார். பிறகு இலையைத் தடவிக்கொண்டே இதையும் சொன்னார்:

“நான் எந்த நெலமைல வந்தாலுஞ் செரிங்க, எம்புள்ள எனக்கு எலை போட்டுத்தான் சோறு போட்டுச்சு. அந்த மருவாதி எவனுக்குங்க கெடைக்கும்?”

3.

இதை ராமாமணியிடம் பெருமையாகப் போய்ச் சொன்னேன். தன் சின்ன வயதில் நடந்ததை அவர் சொன்னார்.

மில்லின் வரிசை வீடு. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு பறந்துபோய் அம்மா வெங்கடம்மாளின் நெற்றியைப் பிளந்தது. சத்தம் கேட்டு வரிசையில் எல்லாக் கதவும் திறந்தன. காயத்தைவிட அந்தக் கதவுகளை நினைத்துத்தான் அம்மா அதிகம் அழுதாராம். மறுநாளிலிருந்து, ஷிப்ட் முடியும் சங்கு ஊதியதும் ராமாமணி பின்பக்க வாழையில் இலை அறுத்து வந்துவிடுவாள். வயது ஒன்பது.

“எலைய வீசுனா சத்தம் வராதுங்கண்ணா. அம்மா மேல பட்டாலும் காயமாகாது.”

[தண்ணீர் எதில் கொடுத்தாள்? பிளாஸ்டிக் மக்கில். அதையும் யோசித்திருக்கிறாள்.]

நான் படித்த இன்ஜினியர். இத்தனை சுத்தமான தீர்வு ஒன்றை என் வேலையில் ஒரு தடவைகூடக் கண்டுபிடித்ததில்லை. அந்த ஒன்பது வயதுக்காரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்பா குடியை விட்டுவிட்டார். மகளால் இலையை விட முடியவில்லை. கல்யாணச் சீராக வந்த தட்டுகள் சாக்கில் கட்டியபடி பரணில் கிடக்கின்றன. ஹாரிகா தட்டு வேண்டுமென்று அடம்பிடிக்கிறாள். ராமாமணி ஸ்டூல் போட்டு ஏறுகிறார், சும்மா இறங்குகிறார்.

4.

நரசிம்மலுவை வில்லனாக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. பந்தியில் தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்த மனிதர் அவர். அந்த இலை எதற்காக என்று அவருக்கு நிஜமாகவே தெரியாதா, இல்லை தெரிந்தேதான்...

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கக் கூடாது.)

முடிவு அ: அப்பா அழுகிறார், மகள் மன்னிக்கிறார். சினிமா.

முடிவு ஆ: ராமாமணி தட்டுகளை இறக்கிவிடுகிறார். ஒன்பது வயதில் தொடங்கிய இருபத்து மூன்று வருஷத்தை ஒரு பத்தியில் இறக்க நான் யார்?

5.

எழுதியவரைக்கும் ராமாமணியிடம் படிக்கக் கொடுத்தேன். பெயர்களை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“மாத்தாதீங்கண்ணா. அப்பா இந்தப் பத்திரிகை படிக்கிறவருங்க. எனக்கு நேர்ல வாய் வரமாட்டேங்குது.”

ஆகவே வாசகர்களே, உங்களில் ஒருவரோடு மட்டும் கொஞ்சம் பேச வேண்டும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரசிம்மலு ஐயா, இந்த இதழ் வியாழக்கிழமை அன்னூருக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மருமகன் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். கல்யாணம் பண்ணிக் கொடுத்த பிறகு மகள் வீட்டில் நீங்கள் கை நனைப்பது இதுதான் முதல் தடவை. உங்களுக்கு எதில் பரிமாறுவது என்று ராமாமணிக்குத் தெரியவில்லை. எனக்கும் எழுதத் தெரியவில்லை. நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

சோறு வடிப்பதற்கு முன்னாலேயே போய்விடுங்கள்.