கால்மிதி கேட்ட கேள்வி

என் வீட்டுக்காரர் இராமதாஸுக்குச் சாமி கிடையாது, சகுனம் கிடையாது, நல்ல நேரம் கெட்ட நேரம் எதுவும் கிடையாது. எங்கள் கல்யாணமே வேண்டுமென்று ராகு காலத்தில்தான் நடந்தது. நேரு வீதியில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஊரார் ரேடியோவெல்லாம் அவர் கைபட்டுப் பாடும். எங்கள் வீட்டு ரேடியோ மட்டும் எப்போதும் வயிறு திறந்துதான் கிடக்கும்.

அப்பேர்ப்பட்டவர் எண்பத்து நாலில் செய்த ஒரு கருவியைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அவரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார். நம்பாதீர்கள்.

என் மாமனார் முருகையன், முதலியார்பேட்டை மில்லில் முப்பத்தாறு வருஷம் தறி ஓட்டியவர். ஓய்வு பெற்றுச் சில வருஷம் கழித்து மறதி வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம் மறந்தார், பிறகு கிழமையை மறந்தார், பிறகு எங்களை மறந்தார். சில நாள் என்னை மில் கேன்டீன்காரி என்று நினைத்து டீ கேட்பார். நானும், "சக்கர தூக்கலாவா?" என்று கேட்டுப் போட்டுக் கொடுப்பேன். வயதானால் மூளை இப்படிச் சுருங்கும், இதற்கு மருந்து கிடையாது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் மறக்காதது மில் சங்கு. மதிய ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் போதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் அடுப்பு வேலையாக இருந்தால் அவ்வளவுதான். ஒரு நாள் மில் கேட்டையும் தாண்டிக் கடலூர் ரோட்டோடு நடந்து நோணாங்குப்பம் போய்விட்டார். படகுத்துறையில் உட்கார்ந்துகொண்டு, "சூப்ரவைசர் வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவரை ஒரு மீன்காரர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். பாதம் இரண்டும் கொப்புளம்.

மறுநாளே என் கணவரின் அண்ணன் பலராமன் உழவர்கரையிலிருந்து வந்தார். நல்ல மனிதர். ஆனால் எந்தத் தொல்லைக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். பூட்டு. அவர் வீட்டில் அரிசி டின்னுக்கே பூட்டு உண்டு.

"இன்னொரு வாட்டி வெளிய போனாருன்னா நான் இட்டுக்கினு போயிடுவேன். பின்பக்க ரூம்ல உட்டுப் பூட்டிடுவேன். லாரியில அடிபடறதுக்கு அது தேவல" என்றார்.

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷம் நூறு தறிச் சத்தத்துக்கு நடுவில் நின்ற மனிதர், பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"ரெண்டு மாசம் டயம் குடுண்ணே. நான் ஒண்ணு செய்றேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் கணக்குப் போட்டது தங்கச்சியை வைத்து. அஞ்சலாட்சி அப்பாவின் செல்லம். புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய்; குடித்தனம் அந்த நாட்டிலேயே, துலோனில். கடிதத்துக்குப் பதில் மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவாள். அதைப் போட்டால் மாமனாரின் தலை நிமிரும். "நம்ம ஊட்டுப் பொண்ணு" என்பார். பெயர் மட்டும் வராது. ஒவ்வொரு கேசட்டின் கடைசியிலும் அவள் ஒரே கேள்வி கேட்பாள்: "அண்ணி, அப்பா எம் பேர சொல்றாரா?" நான் எழுதும் பதிலில் மழை, மாங்காய், பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் இருக்கும். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருக்காது.

கருவி இதுதான். வாசல்படிக்கு உள்ளே ஒரு சாக்குக் கால்மிதி. அதற்கு அடியில் பால்பவுடர் டின்னை வெட்டிய இரண்டு தகடு, நடுவில் ரப்பர் துண்டுகள். மிதித்தால் தகடுகள் ஒட்டும், அலமாரியில் இருக்கும் டேப்ரெக்கார்டர் ஓடும், அஞ்சலாட்சி ஒரு வாக்கியம் பேசுவாள், பத்து விநாடியில் தானாக நின்றுவிடும். அந்த ஒரே வாக்கியத்தை இடைவெளி விட்டு விட்டு ஒரு கேசட்டின் ஒரு பக்கம் முழுக்கச் சொல்லி அனுப்பும்படி அவளுக்கு எழுதினார். பாவம், அந்தப் பெண்ணும் அரை மணி நேரம் சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

வந்ததும் போட்டுக் கேட்டோம். "எங்கப்பா போறீங்க? உள்ள வாங்க." கொஞ்சம் இடைவெளி. "எங்கப்பா போறீங்க? உள்ள வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏங்க, வெளிய கிளம்பறவங்கள எங்க போறேன்னு யாருனா கேப்பாங்களா?"

"கேட்டா இன்னா ஆவும்?"

"போற காரியம் ஆவாது."

"ஆவக்கூடாதுன்னுதானடி கேக்கறோம்!"



மறுநாள் சங்கு ஊதியது. மாமனார் துண்டை உதறினார், கிளம்பினார், மிதித்தார். "எங்கப்பா போறீங்க? உள்ள வாங்க."

நின்றார். முகம் சுளித்தது. "கிளம்பறப்பவே கேட்டுட்டா பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு வாய் தண்ணி குடு தாயி" என்றார். சகுனம் சரியில்லை என்றால் எங்கள் ஊரில் அதுதானே வழக்கம்? உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். கிளம்பினார். மிதித்தார். கேட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தார். ஐந்தாவது செம்பில் மில்லே மறந்து போய், அவசரமாகப் புழக்கடைப் பக்கம் போனார்.

"பாத்தியா? இதான் விஞ்ஞானம்!" என்று குதித்தார் என் வீட்டுக்காரர்.

"விஞ்ஞானம் இல்லீங்க, சகுனம்."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவர் நோட்டில் கருவிக்கு வரைந்திருந்த படத்தைப் பார்த்தேன். தகடு, கம்பி, மோட்டார் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் புதிதாக ஒரு நாற்காலியும் ஒரு செம்புத் தண்ணீரும் வரைந்து வைத்திருந்தார்.

இரண்டு மாசக் கெடு முடிந்து பலராமன் பார்க்க வந்தார். நிலப் பத்திரப் பதிவுக் காரியமாகப் போகிற வழி. பார்த்துவிட்டுப் புறப்படும்போது கால்மிதியை மிதித்துவிட்டார். கேள்வியைக் கேட்டதும் திரும்பி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். பூட்டுப் பேச்சு அன்றோடு நின்றது.

அடுத்த வருஷம் மே மாதம் அஞ்சலாட்சி லீவில் வந்தாள். ஆறு வருஷம் கழித்து அப்பாவைப் பார்க்கிறாள். ஓடி வந்து காலடியில் உட்கார்ந்தாள். அவர் மரியாதையாகக் காலை நகர்த்திக்கொண்டு, "யாரும்மா நீங்க? எந்த ஊரு?" என்று கேட்டார். அவள் சிரித்தபடியே எழுந்து அடுக்களைக்கு வந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"நான் அனுப்பின கேசட்டெல்லாம் வீணா அண்ணி?"

 கடிதத்தில் நான் எழுதாமல் விட்ட பதில் இப்போது அவளுக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் மதியம் கரண்டு போயிற்று. மில்லுக்குச் சொந்த இன்ஜின் உண்டு, சங்கு ஊதியது. நான் மீன் கழுவிய கையோடு இருந்தேன். மாமனார் துண்டை உதறினார், கால்மிதியை மிதித்தார். கருவி வாய் திறக்கவில்லை. ஒரு கால் வாசலைத் தாண்டிவிட்டது.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த அஞ்சலாட்சி பதறிப்போய்க் கத்தினாள். "எங்கப்பா போறீங்க? உள்ள வாங்க!"

அவர் நின்றார். திரும்பினார். அலமாரியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"ஏண்டி அஞ்சலாட்சி, போற மனுசன எங்கன்னு கேக்காதன்னு உனுக்கு எத்தினி வாட்டி சொல்றது? வாலு! போ, ஒரு வாய் தண்ணி கொண்டா."

அவள் கொண்டு வந்தாள்.  குடித்தார், கொஞ்சம் உட்கார்ந்தார், எழுந்து துண்டை எடுத்தார். "எங்கப்பா போறீங்க?" என்றாள். "அஞ்சலாட்சி! ஒதை வாங்கப் போற நீ" என்று திரும்பி வந்தார்.

இதற்குள் கரண்டு வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு வந்திருந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். கால்மிதியைத் தாண்டி உள்ளே வந்து, டேப்ரெக்கார்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

அன்று அவள் ஒன்பது முறை கேட்டாள். ஒன்பது முறையும் அவர் பெயர் சொல்லித் திட்டினார். நான் தண்ணீர்ப் பானைக்கும் அவர் நாற்காலிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.