வக்கீல் எடுக்காத போன்

மனித இனம் இரண்டாகப் பிரிந்தது நிறத்தாலும் அல்ல, மொழியாலும் அல்ல, பணத்தாலும் அல்ல. வேலை செய்கிறவன் ஒரு பக்கம், வேலை என்ன ஆச்சு என்று கேட்கிறவன் மறுபக்கம். இந்த ஒரே கோட்டில்தான் உலகம் பிளந்து கிடக்கிறது. சரித்திரம் எழுதியவர்கள் கவனிக்கத் தவறிய இந்த உண்மையை, இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன ஒரு லிஃப்ட்டின் உச்சந்தலையில் உட்கார்ந்து, கிரீஸ் கையால் பன்னைப் பிய்த்துத் தின்றபடி உலகுக்கு அறிவித்தவன் வக்கீல்.

வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு வக்கீல் இல்லை, லிஃப்ட் மெக்கானிக். எதிராளி இல்லாவிட்டாலும் வாதாடக்கூடியவன் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு உலகம் என்பது நெட்டை ஒருவன்தான். வக்கீலுக்கு ஜோடியாக வேலை பார்ப்பவன். குனியாமல் எந்த மோட்டார் அறைக்குள்ளும் நுழைய முடியாத உயரம். வக்கீல் சொல்வதைக் கடைசி எழுத்துவரை நம்புகிற ஒரே ஜீவன். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் பாதிப் பன், முகத்தில் பக்தி.

வக்கீலின் கணக்கில் மேனேஜர் என்பவன் ரத்தமும் சதையும் கொண்டவன் அல்ல, மூன்று கேள்விகளால் ஆனவன். எங்க இருக்க? என்ன ஆச்சு? எப்ப முடியும்? அவர்களுடைய சூப்பர்வைசர் ஓயாமல் போன் செய்து இந்த மூன்றையும் வரிசை மாறாமல் கேட்பார். வக்கீலும் வரிசை மாறாமல் பதில் சொல்வான். பூமியில இருக்கேன் சார். ஆக வேண்டியது ஆச்சு சார். முடியறப்போ முடியும் சார். குரலில் கேலி இம்மியளவும் இருக்காது. அதனால் அவரால் கோபப்படவும் முடியாது, படாமல் இருக்கவும் முடியாது.

“கேட்டுக்கோ நெட்டை,” என்றான் அன்று போனை வைத்துவிட்டு. “கூட இருக்கிற மனுசன எங்க இருக்கன்னு கேக்கறது, உன்ன நம்பலடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. அசிங்கம். ஜென்மத்துக்கும் நான் யாரையும் அப்படிக் கேக்க மாட்டேன்.”

நெட்டை பன்னை விழுங்கிவிட்டுத் தலையாட்டினான். இனி தானும் கேட்பதில்லை என்று மனதுக்குள் முடிந்துகொண்டான்.

அந்தக் கம்பெனி கொஞ்ச நாளில் லிஃப்ட் பிரிவையே இழுத்து மூடியது. சூப்பர்வைசர் உட்பட எல்லோரும் பூமியில்தான் இருந்தார்கள், வேலையில்தான் இல்லை. வக்கீலிடம் டிப்ளமோ இருந்தது. நெட்டையிடம் இரண்டு கை இருந்தது. டிப்ளமோவை நம்பி வக்கீலுக்கு இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. கைகளை நம்பி யாரும் எதுவும் அனுப்பவில்லை.

முதல் இடம், தரையிலிருந்து கூரைவரை கண்ணாடியால் ஆன ஒரு பெரிய கம்பெனி. வரவேற்பறைச் செடிகளை ஒருவர் இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி சிரித்த முகமாக இருந்தார்; போகும்போது கழற்றி வைத்துவிட்டுப் போவாரோ என்று தோன்றும் சிரிப்பு. திட்டத்தை விளக்கினார். ஒன்றரை வருடம் பயிற்சி, இடையிடையே பரீட்சை, ஒவ்வொரு பிரிவாகச் சுற்றல். பிறகு ஏரியா மேனேஜர், கீழே பன்னிரண்டு மெக்கானிக்குகள். எல்லாம் இப்போதே எழுத்தில். டூல்பாக்ஸை இனிமேல் தொடவே வேண்டியதில்லை என்று நற்செய்திபோல் சொன்னார். கையை எடுத்துவிட்டால் வலி இருக்காது என்று டாக்டர் சொன்னதைப்போல் வக்கீல் கேட்டுக்கொண்டான். ஐந்து வருடம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று அவர் வினவ, லிஃப்ட்டுக்குள்ள சார் என்றான். அவர் ரசித்துச் சிரித்து, எதையோ குறித்துக்கொண்டார். நெட்டையைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு சற்றே சுருங்கியது. டிப்ளமோ இல்லாதவர்களை அவர்கள் எடுப்பதில்லை.

இரண்டாவது இடம் ஒரு டயர் கடைக்குப் பின்னால். ஒரே அறை. மூலையில் பாம்புச் சுருளாய்ப் பழைய இரும்புக் கயிறு, சுவரில் அவர்கள் பராமரிக்கிற கட்டடங்களின் பெயர்களும் போன் நம்பர்களும் சாக்பீஸில், நடு மேசையில் வயர் வைத்த ஒரு சிவப்பு போன். முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு ஒரு சர்க்யூட் போர்டில் ஈயம் உருக்கி வயரைப் பற்றவைத்துக்கொண்டே பேசினார். மூடப்போன கதவு திரும்பத் திரும்பத் திறந்துகொண்டால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார். கதவு ஓடுகிற பள்ளத்தில் குப்பை இருக்கிறதா என்று பார்ப்பேன், படிப்பையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்வேன் என்றான். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

மேனேஜர் பதவி எப்படி என்று வக்கீல் விசாரித்தான். ஆசையில் அல்ல, எதிரி எந்தப் பக்கமிருந்து வருவான் என்று தெரிந்துகொள்ள.

“இங்க மேனேஜர்னு போர்டெல்லாம் கிடையாதுப்பா,” என்றார் முதலாளியம்மா. “யாராவது லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டா இந்த போன் அடிக்கும். யார் எடுக்கிறாங்களோ, அப்போ அவங்க சொல்றபடி மத்தவங்க போகணும். எடுத்துக்கிட்டே இருக்கிறவர்தான் மேனேஜர்.”

இப்போது எடுத்துக்கொண்டிருப்பவர் பெரியண்ணன் என்று எல்லோரும் கூப்பிடுகிற தலைமை மெக்கானிக். பல வருடமாக எடுக்கிறார், கல்லுக்குண்டாக இருக்கிறார், நகர்கிற உத்தேசம் இல்லை. வக்கீலுக்கு மனது குளிர்ந்துபோனது. கையை நீட்டாமல் இருந்தால் போதும், ஆயுசுக்கும் மேனேஜராக வேண்டியதில்லை. இப்படி ஒரு வேலை உலகில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. கூட ஒருத்தன் இருக்கான் மேடம், டிப்ளமோ இல்லை, உயரம் இருக்கு என்று இழுத்தான். நாளைக்கே கூட்டிட்டு வா என்றார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா தையல் மெஷினை நிறுத்தினாள். தீ பிடித்தாலும் ஓரம் அடித்து முடித்துவிட்டு எழுந்திருக்கிறவள் அவள். தேடி வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைக்கிற பிள்ளையைப் பெற்றதற்குத் தன் வயிற்றையே நொந்துகொண்டாள். அத்தான், இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகச் சொல்லி இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். அக்கா ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே பொறுப்பு. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“உனக்குப் பயம்டா. அதுக்குக் கொள்கைன்னு பேர் வெச்சுக்கிட்டுத் திரியற.”

“நீ நாள் முழுக்க ஊசி போட்டாச்சா, மாத்திரை குடுத்தாச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கியே, உனக்கு வாய் வலிக்கலையா?”

“கேக்கறதுக்குத்தான்டா எனக்குச் சம்பளம்.”

“பாவம். எனக்கு வேலைக்குச் சம்பளம்.”

அம்மா இடையில் புகுந்து, அந்த டயர் கடைச் சந்தில் கடைசிவரை கறுப்புக் கையோடு கிடப்பாய் என்றாள். வக்கீல் எழுந்து நின்றான். அந்த போனை நான் ஒரு தரம் தொட்டாலும் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று சபதம் செய்தான். இருக்கிற பெயரையே ஒருத்தரும் கூப்பிடுவதில்லை, மாற்றி என்ன புண்ணியம் என்றாள் அக்கா. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அடித்துச் சொல்பவர்களாவது முயலைப் பிடித்திருப்பார்கள்; இவன் போகிற முயலை விட்டுவிட்டுக் கால் எண்ணுகிறான் என்று அம்மா மறுபடி மெஷினை மிதித்தாள்.

வக்கீல் அன்றே கண்ணாடிக் கம்பெனிக்குப் பதில் எழுதினான். எனக்குக் கீழே பன்னிரண்டு பேர் இருப்பார்கள் என்றீர்கள். லிஃப்ட் வேலையில் கீழே ஒருத்தன் இருந்தாலே மேலே இருக்கிறவனுக்குக் கை நடுங்க வேண்டும். எனக்கு நடுங்கும். ஆகவே உங்கள் அன்புக்கு நன்றி. இதை நெட்டைக்கு வாசித்துக் காட்டினான். நெட்டை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னான்.

டயர் கடைப் பின்புறம் இருவருக்கும் ஒத்துப்போனது. போன் அடிக்கும், பெரியண்ணன் எடுப்பார், போகச் சொன்ன இடத்துக்குப் போவார்கள். அங்கே ஏற்கெனவே வேலையில் இருந்த இருவரை இரட்டையர் என்பார்கள். பிறப்பால் அல்ல; ஒருவர் இல்லாமல் மற்றவர் டீகூடக் குடிப்பதில்லை. உணவு இடைவேளைகளில் வக்கீல் தன் உலகப் பிளவுத் தத்துவத்தை அவர்களுக்கும் எடுத்தோதினான். இரட்டையர் ஒன்றாகக் கொட்டாவி விட்டார்கள்.

விதி இப்படி ஒரு விஷயத்தில் சும்மா இருக்குமா? வக்கீல் வேண்டாம் என்று விட்ட நாற்காலி கண்ணாடிக் கம்பெனியில் காலியாகவே கிடந்தது. அதற்கு ஆள் தேடினார்கள். டிப்ளமோவும் அனுபவமும் உள்ள ஒரு தலைமை மெக்கானிக் டயர் கடைக்குப் பின்னால் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலையில் பெரியண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தார். எல்லோருக்கும் கைகொடுத்தார். வக்கீலின் கையை மட்டும் விடவில்லை.

“இந்த இடம் நீ விட்டதாமே தம்பி. நல்லா இருப்பா.”

வக்கீல் நெட்டையைப்போலத் தலையாட்டினான். அவன் வாழ்க்கையில் அது முதல் தடவை.

அன்றிலிருந்து சிவப்பு போன் அனாதையானது. முதலாளியம்மா இருந்தால் அவரே எடுத்தார். யாரையும் எடுக்கச் சொல்லவில்லை. வக்கீலை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வை வரும்போதெல்லாம் வக்கீல் கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று ஆராய்ந்தான். எடுத்தவன் கெட்டான் என்று இரட்டையரை எச்சரித்தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நாட்களை நகர்த்தினான்.

ஒரு நண்பகல், முதலாளியம்மா ஊரின் மறுகோடியில் ஒரு புதுக் கட்டடத்தைப் பார்க்கப் போயிருந்தார். போன் அடித்தது. இரட்டையருக்கு ஒரே நேரத்தில் முழங்கைவரை கிரீஸ் தேவைப்பட்டது. வக்கீல் இரும்புக் கயிற்றின் ஒரு பிரியை உற்றுப் பார்த்தான். அது நிற்காமல் அடித்தது. நெட்டைக்குத்தான் மனசு கேட்கவில்லை. எட்டிப் போய் எடுத்தான்.

எதிர்முனையில் ஒரு பெண். தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார், விளக்கும் அணைந்துவிட்டது, மூச்சு வாங்குகிறது. நெட்டை அற்புதமாகப் பேசினான். உட்காரச் சொன்னான். லிஃப்ட் விழாது, கயிறு ஒன்றல்ல, பல என்றான். கதவை நீங்களாகப் பிளக்காதீர்கள், காற்று வந்துகொண்டுதான் இருக்கும் என்றான். தானே ஒரு தரம் மாட்டிக்கொண்டு உள்ளேயே தூங்கிவிட்ட கதையைச் சொன்னான். அந்தப் பெண் சிரித்ததுகூட வெளியே கேட்டது. இதோ வந்துடறோம்க்கா, நிம்மதியா இருங்க என்று சொல்லி ரிசீவரை வைத்தான். நால்வரும் டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். இரட்டையரில் ஒருவர் வண்டியைக் கிளப்பிவிட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டார்.

மூவரும் நெட்டையைப் பார்த்தார்கள்.

“எந்தக் கட்டடம்னு கேட்டியா?” என்றான் வக்கீல்.

“கேக்கல.”

“ஏன்டா?”

“நீதானே சொன்ன. எங்க இருக்கன்னு ஒரு மனுசங்கிட்ட கேக்கறது அசிங்கம்னு.”

வக்கீல் அந்த முகத்தில் கேலியைத் தேடினான். கேலி இருந்திருந்தால் தப்பித்திருப்பான். பாடம் ஒப்பிக்கிற சிரத்தைதான் இருந்தது.

அந்த போன் நம்பர் காட்டுகிற ஜாதி இல்லை. அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டால் உண்டு. ஆனால் எதற்குக் கூப்பிடுவார்? வருகிறோம் என்று சொல்லியாயிற்று. பயமும் போய்விட்டது. எங்கேயோ ஒரு இருட்டுப் பெட்டிக்குள், நெட்டையின் வார்த்தையை நம்பி, நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்.

வக்கீல் டூல்பாக்ஸோடு வண்டியிலிருந்து குதித்து உள்ளே ஓடினான்; மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். சுவரில் சாக்பீஸ் பெயர்களை மேலிருந்து கீழாகப் பார்த்தான். பிறகு கையை நீட்டி சிவப்பு போனை எடுத்தான்.

“மேல் பாதி நீங்க ரெண்டு பேரும். உங்க போன்லேர்ந்து அடிங்க. வாட்ச்மேன் எடுக்கலன்னா பக்கத்துக் கடைக்கு அடிங்க. நெட்டை, வண்டி ஓடிக்கிட்டே இருக்கட்டும்.”

சொன்னது தன் குரல்தானா என்று யோசிக்க அவனுக்கு நேரம் இல்லை. இரட்டையர் கிரீஸைத் துடைக்காமலே போனை எடுத்தார்கள். வக்கீல் கீழ்ப்பாதியைச் சுழற்றினான். உங்க லிஃப்ட் எங்க நிக்குது, ஓடுதா, நீங்க பாத்தீங்களா, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஒரு வாட்ச்மேன், உங்களுக்கு என்ன சார் வேணும் என்று சலித்துக்கொண்டார். இன்னொருவர் சாப்பிடப் போய்விட்டு இப்போதுதான் வந்ததாகவும், லிஃப்ட்டின் மாடி விளக்கு எரியவில்லை என்றும் இழுத்தார். கதவைத் தட்டிப் பாருங்கள் என்றான் வக்கீல். தட்டினார். உள்ளிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

முதலில் டூல்பாக்ஸைத் தூக்கியது வக்கீல்தான். நால்வரில் அவன் கைதான் வேகம். வாசல்வரை போய் நின்றான். இன்னொரு லிஃப்ட் நின்றால் இந்த போனை யார் எடுப்பது? நெட்டையைப் பார்த்தான். இரட்டையரைப் பார்த்தான். பெட்டியை நெட்டையின் கையில் கொடுத்தான்.

“நீ போ. மோட்டார் ரூம்ல கரண்ட்ட அணைச்சிட்டுத்தான் கதவத் தொடணும். புரியுதா?”

“நீ வரல?”

“போடா.”

வண்டி போனது. வக்கீல் வெறுங்கையோடு மேசை முன் உட்கார்ந்தான். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொண்டான், சட்டென்று அவிழ்த்தான். போன் அடிக்கவில்லை. தானே எடுத்து நெட்டையின் மொபைலுக்குச் சுழற்றினான்.

“எங்க இருக்க?”

சிக்னலில் நிற்பதாக நெட்டை சொன்னான். கேள்வி அவனுக்கு வினோதமாகப் படவில்லை போலிருக்கிறது. வக்கீல் வைத்தான். எழுந்து நடந்தான். உட்கார்ந்தான். மறுபடி சுழற்றினான்.

“என்ன ஆச்சு?”

வெளியே கொண்டுவந்தாயிற்று, தண்ணீர் குடிக்கிறார், என்னைப் பார்த்து, இவ்வளவு நெட்டையா நீங்க என்கிறார் என்றான் நெட்டை. இனி லிஃப்ட்டைச் சரிபார்த்து ஓடவிட வேண்டியதுதான் பாக்கி. வக்கீல் ரிசீவரை வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டான். மூன்றாவது கேள்வியை மட்டும் உயிரே போனாலும் கேட்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தான். மனுசனுக்குத் தன்மானம் என்று கொஞ்சமாவது மிஞ்ச வேண்டாமா?

சுவர்ப் பெயர்களை இன்னொரு தரம் படித்தான். கயிற்றுச் சுருளை ஒழுங்காக அடுக்கி வைத்தான். டயர் கடைக்காரர் அந்தப் பக்கம் வருகிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினான்.

“நெட்டை,” என்றான் தாழ்ந்த குரலில், “எப்ப முடியும்?”