ஆம்ப்ரோஸின் ஈரல் செல்கள்

என் தம்பி ஆம்ப்ரோஸ் குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தான் என்பது எங்கள் மாதா கோயிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவன் கையில் ஒரு பீர் கிளாஸைக்கூட யாரும் பார்த்தது கிடையாது. ஆனால் கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது, நாற்பது வயதுக்குள் போய்விட்டான். வேலையோ கப்பல் பட்டறையில். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

நான் மருத்துவக் கல்லூரி ஒன்றில் செல் ஆராய்ச்சி செய்கிறவள். அவன் ஈரல் செல்களில் ஏதோ படிந்திருக்கலாம், அது பிறவிக் கோளாறாக இருக்கலாம் என்று அவனைப் பார்த்த டாக்டர் சந்தேகப்பட்டார். ஆனால் வழக்கம்போல் செல்லைப் பதப்படுத்திச் சாயம் போட்டால் அந்தப் படிவு கரைந்து ஓடிவிடும். மைக்ராஸ்கோப்பில் வெறும் பொத்தல்கள்தான் தெரியும். குடிகாரன் ஈரலிலும் அதே மாதிரிப் பொத்தல்கள்தான்.

அது 1988. ஐரோப்பாவில் ஓர் ஆய்வுக்கூடம் எக்ஸ்ரேயில் இயங்கும் மைக்ராஸ்கோப் ஒன்றைக் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் எலும்பைப் பார்க்கிற எக்ஸ்ரே இல்லை, அதைவிட மென்மையானது. சாயம் வேண்டாம், அறுக்க வேண்டாம், செல்லை அப்படியே ஊடுருவிப் பார்க்கும். உறைந்த செல்களை வைத்து அப்போதுதான் சோதனை தொடங்கியிருந்தார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஆம்ப்ரோஸின் செல்களுக்கும் அதில் ஓர் இடம் வாங்கினேன்.

டாக்டர் ஊசியில் எடுத்த ஈரல் துணுக்கில், ஆம்ப்ரோஸின் சம்மதத்தோடு, எனக்கும் கொஞ்சம் கிடைத்தது. செல்களைப் பிரித்து மெல்லிய தட்டில் பரப்பி, கண் இமைக்கும் முன் உறைய வைத்தேன். அந்த வேகம்தான் எல்லாம். மெதுவாக உறைந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாக ஐஸ் கட்டி, உள்ளே உள்ளதையெல்லாம் கிழித்துவிடும். உறைந்த பிறகும் திரவ நைட்ரஜனுக்குள்ளேயே கிடக்க வேண்டும், வெளியே எடுத்தால் போச்சு. தட்டை நைட்ரஜன் ஃபிளாஸ்க் ஒன்றுக்குள் இறக்கி, மேலே அவன் பெயரை எழுதி வைத்தேன். சில நாட்களில் அவன் இறந்தான். சுவா சூ காங் கல்லறையில் அடக்கம் செய்தோம். அவனுக்காகப் பேச அந்தத் தட்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

முப்பதாம் நாள் பூசைக்கு லீவு எடுத்தேன். பூசை முடிந்து வந்தவர்களைத் தேக்கா சந்தைக்குப் பசியாறக் கூட்டிப் போனோம். பாடகர் குழுத் தலைவர் லாசரஸ் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, இதைப் பார்த்தாவது நம் பிள்ளைகள் திருந்த வேண்டும் என்றார். ஆம்ப்ரோஸின் மனைவி அந்தோனியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு லாசரஸின் தட்டைத் தூக்கி அவர் மேலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது. படம் வரட்டும், கோயில் நோட்டீஸ் பலகையில் ஒட்டுகிறேன் என்று அந்தோனியம்மாளிடம் சொன்னேன். எப்போது வரும் என்று மட்டும் அவள் கேட்டாள்.

அதே நாள் எங்கள் துறைக்கு ஒரு பெரிய மனிதர் வந்திருந்தார். துறைத் தலைவர் தனசேகரனுக்கு விருந்தாளி என்றால் தலைகால் புரியாது. ஆர்கிட் பூவைத் திரவ நைட்ரஜனில் முக்கி, மேசையில் தட்டி நொறுக்கிக் காட்டினாராம். ஒரே கைதட்டலாம். மறுநாள் நான் போனபோது ஆய்வகம் பளபளவென்று துடைத்துக் கிடந்தது. என் ஃபிளாஸ்க் விளிம்பு வரை நிறைந்திருந்தது. யாரோ அக்கறையாக நிரப்பியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன். அதை அப்படியே விமானத்தில் அனுப்பினேன்.

ஐரோப்பாவிலிருந்து போன் வந்தது. பேசியவர் நல்ல மனிதர், தயங்கித் தயங்கித்தான் சொன்னார். செல்கள் எல்லாம் ஐஸ் ஊசிகளால் கிழிந்து கிடக்கின்றன, ஒரு தடவை உருகி மறுபடி மெதுவாக உறைந்திருக்கின்றன, இதில் எதையும் படிக்க முடியாது என்றார். வழியில் நடந்ததில்லை, ஃபிளாஸ்க் வந்தபோது நிறைந்துதான் இருந்தது என்றும் சொன்னார்.

நேராகத் தனசேகரன் அறைக்குப் போனேன். அவர் மறுக்கவில்லை.

"அன்னிக்கு நைட்ரஜன் டேங்க்கர் வரல. விஐபி வந்து நிக்கிறாரு, நான் என்ன பண்ணுவேன்? உங்க ஃபிளாஸ்க்ல இருந்து ஊத்திட்டேன். சாயந்தரம் வந்ததும் நிரப்பி வச்சிட்டேன்லா."

"நிரப்பினா சரியாயிடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா சார்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா மட்டும் உங்க தம்பி செல்லு திரும்பி வந்திருக்குமா?"

தெரிந்தே செய்திருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவர் நைட்ரஜனில் மறைத்தார். படங்கள் தபாலில் வந்தபோது வாங்கிப் பார்த்துவிட்டு, ஐஸ் கோலம் போட்ட மாதிரி அழகாக இருக்கிறது, ஆண்டு மலரின் அட்டைக்கு ஆகும் என்றார். அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான். புகார் எழுதினால் அதுவும் அவர் மேசைக்குத்தான் போகும்.

சனிக்கிழமை ஈசூனில் இருக்கும் ஆம்ப்ரோஸ் வீட்டுக்குப் போனேன். அந்தோனியம்மாள் கதவைத் திறந்ததுமே படம் வந்துவிட்டதா என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். தனசேகரனைத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கிழிந்த செல்களின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"விடு. அவன் குடிக்கலைன்னு நமக்குத் தெரியும். ஊரு என்ன சொன்னா என்ன?"

அவள் படத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியும் அண்ணி. நைட் ஷிஃப்ட்டுன்னு போவாரு, விடிஞ்சுதான் வருவாரு. எனக்கு எப்படித் தெரியும்? ஊருக்குக் காட்டவா நான் இந்தப் படத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தேன்?"