கழுநீர்ப் பானை

மாமனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்ற சேதி கிடைத்ததும் நான் நாற்காலி இரவல் கேட்க ஓடினேன். என் மனைவி தையலம்மாள் கொல்லைப்பக்கம் போய்க் கழுநீர்ப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். எங்கள் இருவரில் யாருக்குப் புத்தி இருக்கிறது என்று அந்த நிமிஷமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. நாற்காலி கிடைத்த சந்தோஷத்தில் அதன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பர்மா அரிசி வரத்து நின்றுபோய் இரண்டாவது வருஷம் அது. புதுச்சேரியில் பத்திரம் பதிந்து கொடுக்கும் ஒரு நொத்தேரிடம் நகல் எடுத்து எழுதும் வேலை எனக்கு. கோட்டுப் போட்டுக்கொண்டு போக வேண்டும், வாசலில் நின்று பிரெஞ்சில் வணக்கம் சொல்ல வேண்டும். சம்பளம் மட்டும் சண்டைக்கு முந்தைய சம்பளம். விறகு, மண்ணெண்ணெய், துணி எல்லாம் விலையேறிப் போய்க்கொண்டே இருக்க, அது இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. முத்தியால்பேட்டையில் ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில் எங்களுக்கு ஒரே அறை. அடுத்த அறையில் கடைத்தெருவில் சில்லறைச் சாமான் விற்கும் மைதீன் பிச்சையும் அவர் மனைவி தாஜ் நிஷாவும். இரண்டு குடித்தனத்துக்கும் ஒரு தீக்குச்சிதான். காலையில் யார் முதலில் அடுப்பு மூட்டுகிறார்களோ அவர்கள் கொட்டாங்கச்சியில் நெருப்பெடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். வேலைக்கு நான் வெறுங்காலோடு நடந்து போவேன். செருப்பு பையில் இருக்கும். நொத்தேர் வீட்டுத் தெருமுனையில் காலைத் துடைத்து அதை மாட்டிக்கொள்வேன். ஒரே கோட்டு. அதன் முழங்கை கிழிந்தபோது தையலு உள்பாக்கெட்டை அறுத்து ஒட்டுப் போட்டுவிட்டாள். பாக்கெட்டில் வைப்பதற்குத்தான் ஒன்றும் இல்லையே என்றாள்.

காய்கறிக்குச் சந்தை கலையும் நேரத்தில் போவோம். சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் காலையில் அவளுக்கொரு குவளை, எனக்கொரு குவளை. காப்பி என்ற வார்த்தையையே இருவரும் மறந்திருந்தோம். இப்படியெல்லாம் இருந்தும் எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம். சாயங்காலம் நான் திரும்பும்போது அவள் வாசற்படியில் நின்று என் செருப்புப் பையைக் கைநீட்டி வாங்குவாள். அதற்காகவே நான் சற்று வேகமாக நடப்பேன்.

கழுநீரும் வீணாகாது. அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல் எல்லாம் கொல்லையில் இருந்த பானைக்குப் போகும். தெருக்கோடியில் மூன்று மாடு வைத்திருந்த இருசப்பன் அதை எடுத்துப்போய் மாட்டுக்கு வைப்பான். பதிலுக்கு வாரம் இரண்டு தரம் ஒரு செம்பு மோர். இருசப்பன் நல்லவன்தான், ஆனால் எங்கள் பானையைத் தூக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி முகத்தைச் சுளிப்பான். கஞ்சியை நாங்களே குடித்துவிட்டால் கழுநீரில் என்ன சத்து இருக்கும்?

இனி என் வாய்க்கொழுப்பைச் சொல்ல வேண்டும். நானும் தையலுவும் உறுவையாற்றுக்காரர்கள். எனக்கு நிலம் இல்லை, படிப்பு உண்டு. அவள் அப்பா குழந்தைவேலுக்குப் படிப்பு இல்லை, நிலம் உண்டு. நாங்கள் பட்டணத்துக்குக் குடிபோகும் வருஷம் வில்லியனூர்த் தேருக்கு வந்திருந்த அவர், சொந்தக்காரர்கள் பத்துப் பேர் நிற்கும்போது, "மாசம் ஒரு மூட்டை நெல்லு அனுப்பிடறேன் மாப்ள. பட்டணத்துல தண்ணியையும் காசு குடுத்துத்தான் குடிக்கணும்"னு சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது குத்தலாகக் கேட்டது. "உங்க வூட்டு நெல்லு ஒரு மணிகூட என் வூட்டு அடுப்புல வேகாது"ன்னுட்டேன். தேர் பார்க்க வந்த கூட்டம் தேரை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி மாப்ள," என்றார் கடைசியில். "உன் ரோஷம் உன்னோட. ஆனா என் பொண்ணு வயிறு காஞ்சிதுன்னு தெரிஞ்சா கையோட இஸ்துகினு பூடுவேன். அப்ப நீ ஒரு வார்த்த பேசக்கூடாது."

நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டினேன். இப்போது ஆடி மாதம். தையலுவுக்கு ஐந்தாம் மாசம்.

சனிக்கிழமை முழுக்க நான் அறையைப் பெரிய உத்தியோகஸ்தன் வீடாக மாற்றிக்கொண்டிருந்தேன். மைதீன் பிச்சை வீட்டு நாற்காலி, நொத்தேர் தூக்கிப்போட்ட பழைய காலண்டர், என் கோட்டு ஆணியில் நன்றாகத் தெரியும்படி. கொல்லையில் தையலுவும் தாஜ் நிஷாவும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி தையலு, உங்கப்பாரு உன்னைப் பாக்க வராரா, கழுநீரப் பாக்க வராரா?"

"எங்க ஊர்ல மொதல்ல அதத்தான்கா பாப்பாங்க. எத்தினி பேரு வவுறார சாப்புடற வூடுன்னு இதுலியே சொல்லிடுவாங்க."

தாஜ் நிஷாவுக்குக் கொடுக்கும் கை. ரெண்டு வேளை அரிசி களைந்த தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் எங்கள் பானையில் கொண்டுவந்து கொட்டினாள். பானை வழிய வழிய நிறைந்தது. தையலு அதைப் பார்த்த பார்வையை, அவள் கல்யாணப் புடவையைப் பார்த்தபோதுதான் நான் கண்டிருக்கிறேன்.

மாமனார் காலையில் வந்தார். உறுவையாற்றிலிருந்து நடந்தே வந்திருந்தார். கையில் ஒரு கட்டு அகத்திக்கீரை. "நெல்லு இல்ல மாப்ள, கீரைதான். பயப்படாத," என்றார். நாற்காலியைக் காட்டினேன். அவர் தரையில் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் குடித்தார். காலண்டரைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்க்கவில்லை. கால் கழுவ வேண்டும் என்று எழுந்து கொல்லைக்குப் போனார். தையலு பின்னாலேயே போனாள். நான் கதவோரம் நின்றுகொண்டேன், வெட்கம் கெட்டவன் மாதிரி.

"பானை ரொம்பிக் கீதே," என்று அவர் சந்தோஷமாகச் சொன்னது கேட்டது. "இன்னா அரிசிம்மா ஆக்கற?"

"ரேஷன்ல குடுக்கற வெள்ளைப் பச்சரிசிதான்பா. வேற ஏது?"

அவர் இடதுகைக்காரர். களை எடுப்பது, கயிறு திரிப்பது, சோறு பிசைவது எல்லாம் இடதுகைதான். ஊரில் யார் சொல்லியும் மாறவில்லை. அந்த இடதுகையை முழங்கை வரைக்கும் பானைக்குள் விட்டு அடியில் தங்கியிருந்ததை ஒரு பிடி அள்ளினார். விரலிடுக்கில் தேய்த்தார். விரலெல்லாம் செம்மண் நிறத்தில் தவிடு ஒட்டியிருந்தது. தாஜ் நிஷா வீட்டில் சமைப்பது பாகூர்ச் சொந்தக்காரர்கள் கொடுத்தனுப்பும் சிவப்புக் கார் அரிசி என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உழவன் மகளுக்கே தோன்றாமல் போய்விட்டது, பாவம். கஞ்சி கிடைத்த சந்தோஷத்தில் நிறத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

"இது கார் அரிசித் தவிடு," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "வெள்ளை அரிசி தவிடும் கீது. கைப்பிடிகூட தேறாது. உன் வூட்டுக் கஞ்சி எங்கம்மா?"

தையலு மூடியை எடுத்துப் பானையை மூடினாள்.

"பொடவைய எடுத்து வையி. மத்தியான ரயிலுக்குப் போயிடலாம்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது நானே தலையாட்டிய பேச்சு. அதோடு, பேச எனக்கு என்ன யோக்கியதை? வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருப்பவன் நான். போனால் வயிறு நிறையச் சாப்பிடுவாள். போகட்டும் என்று மனசில் சொல்லிப் பார்த்தேன். வாசற்படியில் செருப்புப் பைக்கு நீளும் கை ஞாபகம் வந்து அதற்குமேல் ஓடவில்லை.

"நான் வரலப்பா," என்றாள் தையலு.

"ஏம்மா?"

"கஞ்சிதான் குடிக்கறேன். அதுக்குப் பட்டினின்னு பேரு இல்ல. இவரு தன் குவளையில பாதிய என்னுதுல ஊத்திட்டு, நான் பாக்கலன்னு நெனச்சிக்கினு வாயத் தொடச்சிப்பாரு. நான் பூட்டா இந்த மனுசன் அதையும் குடிக்க மாட்டாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்கவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் வெகுநேரம் கையைக் கழுவினார். பிறகு, "அந்தக் கழுநீர யாருக்கு ஊத்தற?" என்று கேட்டார். தெருக்கோடி இருசப்பன் பெயரைச் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்தார், இரண்டாம் தரம் போட வந்தபோது இலையைக் கையால் மறைத்துக்கொண்டார். மூட்டை கட்டும் பேச்சை எடுக்கவே இல்லை. கிளம்பும்போது மட்டும், "அவன் மாடு எப்படிக் கீதுன்னு ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறேன்," என்றார். எந்த ஊருக்குப் போனாலும் மாடு பார்க்காமல் திரும்ப மாட்டார் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாற்காலியை மைதீன் பிச்சையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அடுத்த வாரம் இருசப்பன் விடிகாலையில் வந்து கதவைத் தட்டினான். கையில் செம்பு. மோர் என்று நினைத்தேன். சூடு ஆறாத பால்.

"உங்க வூட்டுக் கழுநீர் ஒசத்தி முசே," என்றான், என் கோட்டைப் பார்த்துப் பிரெஞ்சு மரியாதையோடு. "செவலை மாடு கறவை ஏறிக்கினுச்சி. தெனம் ஒரு செம்பு எடுத்துக்கோங்க."

நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் நம்பினேன். அகத்திக்கீரைத் தண்டு பானைக்குப் போனதால் இருக்கலாம் என்று காரணமும் கண்டுபிடித்தேன். நொத்தேர் வீட்டில் கூட வேலை செய்பவர்களுக்குக் கழுநீரின் மகிமை பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். பட்டணத்திலும் நியாயமான மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தையலுவிடம் சொன்னபோது அவள் பாலைக் காய்ச்சிக்கொண்டே, "இருப்பாங்க," என்றாள். முகத்தைத் திருப்பவில்லை. பாலைத் தனியாகக் குடிக்கமாட்டாள். என்னை உட்காரவைத்துப் பாதியைக் குடிக்கச் செய்துவிட்டுத்தான் தன் குவளையை எடுப்பாள். ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. அவள் கன்னம் மினுமினுவென்று ஆயிற்று. வளையல் இறுகுகிறது என்று சிரித்தாள்.

புரட்டாசியில் ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது மழை பிடித்துக்கொண்டது. கோட்டு நனையக்கூடாதே என்று இருசப்பனின் மாட்டுக் கொட்டகைக்குள் ஒதுங்கினேன். பட்டணத்தில் அப்போது வைக்கோல் கிடைப்பது குதிரைக்கொம்பு. மாடுகள் வாழைச்சருகும் சுவரொட்டிக் காகிதமும் தின்றுகொண்டிருந்தன. இருசப்பன் கொட்டகையில் மட்டும் புது வைக்கோல் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. நல்ல மணம். ஒரு கட்டைச் சுற்றியிருந்த வைக்கோல் பிரியைத் தற்செயலாகத் தொட்டுப் பார்த்தேன். முறுக்கு தப்பாக இருந்தது. எல்லாரும் திரிக்கிற பக்கம் இல்லை, மறுபக்கம். இடதுகைக்காரன் திரித்த பிரி.

இருசப்பன் என்னைப் பார்த்துவிட்டு மாட்டின் முதுகைத் தடவ ஆரம்பித்தான். "மாசம் ஒரு வண்டி வருது முசே," என்று மாட்டிடம் சொல்வதுபோல் சொன்னான். "நான் ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு."

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு மாசமாக நான் என் ரோஷத்தோடு சேர்த்து அவருடைய பாலைக் குடித்திருக்கிறேன். ஊரறியச் சொன்ன வார்த்தையை இந்த மனிதர் இப்படிக் கொல்லைப்புறமாக வந்து உடைத்துவிட்டாரே என்று கறுவிக்கொண்டே வைக்கோல் கட்டிலிருந்து ஒரு பிடி உருவினேன். எந்த வைக்கோலிலும் நாலு நெல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே உறுவையாற்றுக்குப் போய், இது என்ன என்று கேட்க நினைத்தேன். ஒவ்வொரு தாளாக உருவிப் பார்த்தேன். இன்னொரு பிடி எடுத்தேன். அடுத்த கட்டையும் பிரித்தேன். ஒரு மணி இல்லை. கதிரடித்து, மாடு கட்டிப் போரடித்து, அதற்கு மேலும் கையால் உதறி உதறிப் பார்த்து அனுப்பியிருக்கிறார். அந்த வயசில், என் ஒரு வார்த்தைக்காக ஒரு வண்டி வைக்கோலையும் உதறியிருக்கிறார். கொட்டகையில் மாடுகளுக்கு நடுவே நின்று நான் மூக்கை உறிஞ்சினேன். இருசப்பன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவிழ்த்த பிரியைச் சுருட்டிப் பையில் செருப்போடு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தையலு வாசற்படியில் பையை வாங்கினாள், திறந்தாள். பிரியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். விரல் முறுக்கின்மேல் ஒருதரம் ஓடி நின்றது.

"எங்க கெடச்சுது?"

"இருசப்பன் கொட்டாயில. பால் பானை ஆடுதுன்னியே. பிரிமணை பண்ணிக்கோ."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும் வேலையில் இருந்தேன். அதற்கு அன்றைக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவள் அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்து பிரியை வளையமாகச் சுற்றத் தொடங்கினாள். சுற்றச் சுற்ற அது முறுக்கவிழ்ந்து தாள் தாளாகக் கழன்றது. மறுபடி சுற்றினாள், மறுபடியும் கழன்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வயிற்றின்மேல் வைத்திருந்த இடதுகையை எடுத்து, பிரியை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாக மறுபக்கம் முறுக்கினாள்.